ஏவவும் நிறுத்தவும் அறிந்த உயிரணு

ஒரு கட்டளை உரியவரைச் சென்றடைய வேண்டும். உரிய நேரத்தில் முடியவும் வேண்டும். அரசாட்சிக்குரிய இவ்விதி நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவுக்கும் உரியதே. இவ்வுண்மை வெளிப்பட்ட வரலாற்றைச் சிறிது காண்போம்.

நாம் அஞ்சும்போது அட்ரீனலின் என்னும் சுரப்பு குருதியில் கலக்கிறது. கல்லீரல் சர்க்கரையை வெளிவிடுகிறது. இதயம் விரைந்து துடிக்கிறது. இதனை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் எர்ல் சதர்லாந்து, 1950களில் ஒரு வியப்பைக் கண்டார். அட்ரீனலின் உயிரணுவின் வாயிலிலேயே நின்றுவிடுகிறது; உள்ளே சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் இரண்டாம் தூதன் தோன்றிச் செய்தியைக் கொண்டு செல்கிறான். இதற்காக 1971இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

தூதன் ஒருவனே, பணிகள் வேறாவது எங்ஙனம்? அட்ரீனலினை இனங்காணும் ஏற்பிகளை உடைய அணுவே செய்தியைக் கேட்கும். கேட்ட அணுவும் தன்னகத்துள்ள புரதங்களுக்கேற்பவே செயற்படும். ஆகவேதான் ஒரே செய்தி கல்லீரலில் சர்க்கரையாகவும் இதயத்தில் துடிப்பாகவும் மாறுகிறது.

இனி, நிறுத்தம். வாயிலில் வந்த செய்தியை உள்ளே கடத்துவது ஜி புரதம். ஜி.டி.பி. என்னும் பொருள் பற்றிக்கொண்டதும் அது விழிக்கிறது. அப்பொருளைச் சிறிது நேரத்தில் தானே பிளந்து உறங்கிவிடுகிறது. தூதனைச் சிதைக்கவும் தனி நொதி உண்டு. ஜி புரதங்களைக் கண்டறிந்த மார்ட்டின் ராட்பெல், ஆல்ஃபிரட் கில்மன் இருவரும் 1994இல் நோபல் பரிசைப் பகிர்ந்தனர்.

இந்நிறுத்தம் தவறினால் நேர்வது என்ன? காலராவே விடை. அக்கிருமி வெளியிடும் நஞ்சே நோய்க்குக் காரணம் என்பதைக் கல்கத்தாவில் சம்புநாத் டே 1959இல் மெய்ப்பித்தார். அந்நஞ்சு குடலணுக்களின் ஜி புரதத்தை உறங்கவிடாது தடுப்பது பின்னர்த் தெளிவாயிற்று. தூதர்கள் பெருகிக்கொண்டே இருக்க, உப்பும் அதனைத் தொடர்ந்து நீரும் குடலில் கொட்டுகின்றன. சில மணி நேரத்தில் உயிரே பிரியக்கூடும்.

ஆயினும் அந்நஞ்சு அடைக்காத வழியொன்று உண்டு. சர்க்கரையும் உப்பும் இணைந்து சென்றால் குடலணு அவற்றை ஏற்கிறது. நீரும் உடன் செல்கிறது. 1971இல் வங்கத்து அகதிகள் நிறைந்த பன்காவ் முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இக்கரைசலைப் பருகக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது பேரளவு மாண்ட இடத்தில், சாவு நான்குக்கும் கீழே இறங்கியது.

நிறுத்த இயலாத கட்டளை பறிக்கவிருந்த உயிர்களை, ஒரு குவளை நீரும் உப்பும் சர்க்கரையும் மீட்டன. உயிரணுவின் நுண்மையை அறிவது ஆய்வுக்கூடத்தாருக்கு மட்டுமன்று, குழந்தைகளைப் பேணும் ஒவ்வொரு குடும்பத்திற்கும் உரிய செல்வம் என்போம்.