வாழிடமும் வாக்குரிமையும்



சட்டம், அரசியல், சுதந்திரம் ஆகிய மூன்றுக்கும் உள்ள உறவை விளக்கப் புகுந்தோர் இங்கிலாந்தின் வரலாற்றையோ, பிரெஞ்சுப் புரட்சியையோ, அமெரிக்க யாப்பையோ எடுத்துக்காட்டாகக் கொள்வது வழக்கம். அவை யாவும் கற்கத்தக்கனவே. ஆயினும் அத்துணைத் தொலைவு செல்லாமல், நம் நாட்டின் மேற்குக் கரையிலேயே அக்கதையைக் காணலாம். உப்பளங்களும், மீன்படும் களப்பும், தென்னந்தோப்புகளும் நிறைந்த புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தையே கூறுகின்றேன். அக்கரையின் வரலாற்றைத் துணைக்கொண்டு இன்று ஒரு கேள்வியை ஆராய்வோம். சட்டம் ஏட்டில் எழுதிய உரிமை, குடிமக்களின் கைக்கு எப்பொழுது வந்து சேருகின்றது?

கற்பிட்டியில் 1807ஆம் ஆண்டு பிறந்தவர் சைமன் காசிச் செட்டி. புத்தளத்தில் மணியகாரராகப் பணியாற்றி, இலங்கையின் ஊர்களையும் வரலாற்றையும் தொகுத்து 1834இல் நூலாக வெளியிட்டவர். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை 1859இல் ஆங்கிலத்தில் எழுதித் தந்தவர். அக்காலத்தில் சட்ட நிரூபண சபை என்றொரு மன்றம் இருந்தது. 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தால் தோன்றிய அச்சபையில் உத்தியோக உறுப்பினர் ஒன்பதின்மர். உத்தியோகப் பற்றற்றோர் அறுவர். அவ்வறுவருள் தமிழருக்குரிய இடத்திற்குத் தேசாதிபதி 1838இல் காசிச் செட்டியை நியமித்தார். அவருடைய கல்வியையும் தகுதியையும் எவரும் மறுக்கவியலாது. எனினும், தமிழரின் பிரதிநிதி எனப்பட்ட அவருக்கு வாக்களித்த தமிழர் ஒருவரும் இலர். சட்டம் இருந்தது, சபையும் இருந்தது, ஆளப்பட்டோருக்கு மட்டும் அங்கே குரல் இல்லை.

அக்குரல் 1931இல் வந்தது. டொனமூர் சீர்திருத்தத்தின்படி, இருபத்தொரு வயது நிரம்பிய ஆடவரும் பெண்டிரும் சர்வசன வாக்குரிமை பெற்றனர். இங்கிலாந்துப் பெண்கள் ஆடவருக்கு நிகராக வாக்களிக்கத் தொடங்கி அப்பொழுது மூன்றாண்டுகளே கழிந்திருந்தன என்பதை நோக்கின், இதன் பெருமை விளங்கும். மீனவரும், உப்பளத் தொழிலாளரும், தோட்டக்காரரும் தம் பிரதிநிதியைத் தாமே தெரிந்தெடுக்கும் காலம் பிறந்தது. புத்தளம் தொகுதியின் உறுப்பினராகிய எச். எஸ். இஸ்மாயில் 1956இல் பாராளுமன்றத்தின் சபாநாயகர் ஆசனத்தில் அமர்ந்தார். நியமனம் பெற்ற காசிச் செட்டிக்கும், தேர்தல் வழியே வந்த இஸ்மாயிலுக்கும் இடையே கிடப்பது நூற்றுப் பதினெட்டு ஆண்டுத் தொலைவு.

ஆயினும் சட்டம் கொடுப்பதைச் சட்டமே நிபந்தனையால் கட்டவும் வல்லது. மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர் வாக்களிக்க 1931இலேயே வாழிட நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் அவர்களுட் பெரும்பாலோரின் பிரசாவுரிமையையும் வாக்கையும் பறித்தன. ஓர் இனத்தைப் பாதகமாக நடத்தும் சட்டம் ஆகாது என்று அன்றைய யாப்பின் 29ஆம் பிரிவு தடுத்திருந்தும், 1953இல் இலண்டனின் பிரிவி கவுன்சில் அச்சட்டங்களைச் செல்லுபடியாகும் எனத் தீர்த்தது. யார் குடிமக்கள் என்பதை வரையறுக்கும் அதிகாரம் எந்த அரசுக்கும் உண்டு என்பதே அதன் நியாயம். இந்நிகழ்ச்சி புத்தளத்தில் நடந்ததன்று. ஆனால், எங்கே வாழ்பவருக்கு எங்கே வாக்கு என்னும் அதே வினா, நாற்பது ஆண்டுகளின் பின் இக்கரையில் வேறொரு வடிவில் வந்து நின்றது.

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் வட மாகாணத்து முஸ்லிம் மக்களைத் தமிழீழ விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரமே. வெளியேறியோர் ஏறத்தாழ எழுபதினாயிரம் முதல் எழுபத்தையாயிரம் பேர். மன்னார்த் தீவினர் பலர் படகேறிக் கடல் வழியாகக் கற்பிட்டியை வந்தடைந்தனர். பெரும்பாலோருக்குப் புத்தளம் மாவட்டமே புகலிடமாயிற்று. பள்ளிவாசல்களிலும், பாடசாலைகளிலும், தென்னந்தோப்புகளில் எழுந்த ஓலைக் குடிசைகளிலும் அவர்கள் தங்கினர். தமிழ் பேசுவோர் தமிழ் பேசுவோரையே துரத்திய அத்துயரத்தைத் தமிழில் பேசும் நாம் மறைத்துப் பேசலாகாது.

புத்தளத்து மக்கள் வந்தோரை வரவேற்று உணவும் நிலமும் தந்தனர். நாட்கள் ஆண்டுகளாயின. குடிநீரும், பாடசாலையும், தொழிலும் இரு சாராருக்கும் போதாமற் போயின. அப்பொழுது எழுந்த சிக்கல்களுள் ஒன்றே வாக்காளர் இடாப்பு. நம் சட்டத்தில் வாக்குரிமை பிரசைக்கு உரியது. ஆனால் அதனைக் கையாளும் வழி ஒரு முகவரியினூடாகச் செல்கின்றது. கிராம உத்தியோகத்தர் எழுதும் இடாப்பில் எந்த ஊரில் பெயர் உளதோ, அந்த ஊரிலேதான் வாக்கு. ஊரை இழந்தவர் என்செய்வார்? புத்தளத்தில் பதிந்தால், மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் விட்டு வந்த வீட்டையும் வயலையும் கைவிட்டதாகக் கொள்ளப்படுமோ என்னும் அச்சம். பதியாதுவிட்டால், தம் பிள்ளைகள் படிக்கும் பாடசாலைக்கும் தாம் குடிக்கும் நீருக்கும் பொறுப்பான உள்ளூர்ச் சபையைத் தெரிந்தெடுக்க உரிமை இல்லை.

1978ஆம் ஆண்டு யாப்பைத் திறந்து பார்ப்போர்க்கு இச்சிக்கல் வியப்பளிக்கும். இறைமை மக்களுடையது, அது பராதீனப்படுத்த முடியாதது, வாக்குரிமை அவ்விறைமையின் ஒரு கூறு என்று அதன் 3ஆம் உறுப்புரை சாற்றுகின்றது. நாட்டினுள் விரும்பிய இடத்தில் வாழும் சுதந்திரத்தை 14ஆம் உறுப்புரை வழங்குகின்றது. குறை அவ்வாசகங்களில் இல்லை. விரட்டப்பட்ட ஒருவரிடம் அவ்வாசகங்களைக் கொண்டு சேர்க்கும் ஏற்பாடே குறைவாயிருந்தது. உரிமையைப் பிரகடனம் செய்வதிலும் பார்க்க, அதனை மீட்டுத்தரும் பரிகாரமே பெரிது என்று ஆங்கிலச் சட்ட அறிஞர் டைசி 1885இல் வாதித்தது இங்கே நினைவிற் கொள்ளத்தக்கது.

பரிகாரங்கள் மெல்ல மெல்ல வந்தன. 1988ஆம் ஆண்டின் விசேட ஏற்பாட்டுச் சட்டத்தின் துணையால், இடம்பெயர்ந்தோர் தம் பழைய தொகுதிக்குரிய வாக்கைப் புத்தளத்தில் அமைந்த சாவடிகளில் அளித்தனர். போர் முடிந்து நான்காண்டுகள் கழிந்தபின், 2013இல், இடம்பெயர்ந்தோர் தம் சொந்த ஊரிலேயே பதிவு பெற வகைசெய்யும் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. சட்டம் இவ்வளவு தூரம் வந்தது. ஆனால் 2019 நவம்பர் 16ஆம் திகதி, சனாதிபதித் தேர்தலன்று, புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கச் சென்றோரின் பேருந்துகள்மீது தந்திரிமலைக்கு அருகே துப்பாக்கிப் பிரயோகம் நிகழ்ந்தது. நல்லவேளையாக எவரும் உயிரிழக்கவில்லை. வாக்கொன்றை அளிக்க ஒருவர் இத்துணைத் தூரம், இத்துணை அச்சத்துடன் செல்ல வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இனி, இடம்பெயராது தம் ஊரிலேயே இருந்தோரின் நிலை யாது? புத்தளம் அடங்கிய வடமேல் மாகாணத்தின் சபைக்கு 1999 ஜனவரி 25ஆம் திகதி தேர்தல் நடைபெற்றது. வன்செயலும் கள்ள வாக்கும் மலிந்த தேர்தல் அது. வயம்பத் தேர்தல் என்ற சொல்லே முறைகேட்டுக்கு மறுபெயராக நாட்டில் வழங்கலாயிற்று. விந்தை யாதெனின், அதே மாத இறுதியிலேதான் உயர் நீதிமன்றம் தேர்தல் பற்றிய தன் பெருந்தீர்ப்பை வழங்கியது. வேறு ஐந்து மாகாண சபைகளின் தேர்தலை 1998இல் அவசரகால ஒழுங்குவிதியால் நிறுத்தியதை வாக்காளர் இருவர் எதிர்த்து வழக்காடியிருந்தனர். மறைவாக, ஓசையின்றி இடும் வாக்கும் மேடையில் முழங்கும் பேச்சுக்கு நிகரான கருத்து வெளிப்பாடே என்று நீதியரசர் மார்க் பெர்னாண்டோ விளக்கினார். மூன்று மாதங்களுள் தேர்தலை நடத்துமாறு நீதிமன்றம் பணித்தது. ஏப்ரலில் தேர்தல் நடைபெற்றது.

வடமேல் மாகாணத்தின் கசப்பும் பயன் தராமற் போகவில்லை. சுயாதீனத் தேர்தல் ஆணைக்குழு வேண்டும் என்னும் கோரிக்கை வலுத்து, 2001இல் 17ஆம் திருத்தம் நிறைவேறியது. எனினும், யாப்பில் எழுதப்பட்ட அவ்வாணைக்குழுவை ஆட்சியாளர் நியமிக்கவேயில்லை. 2015இல் 19ஆம் திருத்தம் வந்தபின்னரே அது பிறந்தது. பதினான்கு ஆண்டுகள் ஓர் உரிமையின் காவலன் வெறும் எழுத்தாகவே இருந்தான்! 2018இல் வடமேல் மாகாண சபையின் காலம் முடிந்தபொழுது, புதிய தேர்தல் முறையை வகுத்த 2017ஆம் ஆண்டுச் சட்டமே முட்டுக்கட்டையாகி, மறு தேர்தல் நடவாது போயிற்று. 1999இல் ஒழுங்குவிதியை நீதிமன்றம் நீக்க முடிந்தது. பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தையோ, 80ஆம் உறுப்புரையின்படி, பின்னர் எந்த நீதிமன்றமும் வினவ முடியாது. உள்ளூராட்சித் தேர்தல் 2023இல் பணம் விடுவிக்கப்படாமையால் நின்றுபோனது. அது அடிப்படை உரிமை மீறல் என 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்த்தபின், 2025 மே மாதத்தில் புத்தளம் உட்பட நாடெங்கும் மக்கள் வாக்களித்தனர்.

நேயர்களே, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இக்கரையின் வரலாறு தரும் விடை இதுவே. சட்டம் உரிமைக்கு உருவம் கொடுக்கின்றது. அதற்கு ஆளையும் பணத்தையும் ஒதுக்குவதும், ஒதுக்காது விடுவதும் அரசியல். சுதந்திரமோ, அவ்விரண்டும் தவறும்போது கேட்டு நிற்கும் மக்களிடத்திலே தங்குகின்றது. வழக்குத் தொடுத்த வாக்காளர் இருவரும், அச்சத்தின் நடுவே மன்னாருக்குப் பயணம் சென்றோரும் அதனையே செய்தனர். மன்னாரில் பிறந்து, நுரைச்சோலையில் பேரப்பிள்ளைகளைக் கண்ட ஒரு மூதாட்டியின் பெயர் எந்த ஊர் இடாப்பில் இருப்பது என்பதை அவரே அச்சமின்றித் தீர்மானிக்கும் நாளில்தான், யாப்பின் 3ஆம் உறுப்புரை அவர் வீட்டு வாயிலை அடைந்தது என்று நாம் கொள்ளலாம்.