குளிரறைக்குள் இருந்து வந்த ‘டிஸீட்’

முதல் தடவை கேட்டபோது எங்களில் ஒருவர் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டார். ஃபைல் பழுதாக்கும் எண்டு நினைத்தாராம். பழுதில்லை. ‘திஸ் ஹீட்’ குழுவின் ‘டிஸீட்’ அப்படித்தான் ஒலிக்கும்: ரேப்பை வெட்டி ஒட்டிய சத்தங்கள், நடுவில் அறுந்துபோகும் பாட்டு, அடியில் சார்ள்ஸ் ஹேவர்டின் விடாத டிரம்ஸ். போஸ்ட்-பங்க் எண்டு வகைப்படுத்துவார்கள். அந்தப் பெட்டிக்குள் இது முழுதாக அடங்காது.

1976இல் லண்டனில் சேர்ந்த மூன்று பேர்: ஹேவர்ட், சார்ள்ஸ் புல்லன், கரெத் வில்லியம்ஸ். முதல் இருவரும் தேர்ந்த வாத்தியக்காரர். வில்லியம்ஸ் வாசிக்கத் தெரியாமலேயே குழுவுக்குள் வந்தவர். மற்ற இருவரையும் கை பழகிய வழியில் போகவிடாமல் மறித்தது அந்தத் தெரியாமைதான் எண்டு எங்களுக்குப் படுகிறது. பிரிக்ஸ்டனில் முன்பு இறைச்சி வைத்த குளிரறை ஒன்றை ஸ்ரூடியோவாக்கி, ‘கோல்ட் ஸ்ரோறேஜ்’ என்றே அழைத்தார்கள்.

‘டிஸீட்’ 1981இல் றஃப் ட்ரேட் வெளியீடாக வந்தது. அந்தக் காலத்தின் பயத்தைப் புரிய ஒரு கையேடு போதும். 1980இல் பிரிட்டிஷ் அரசு ‘புரொடெக்ட் அண்ட் சர்வைவ்’ என்பதை 50 பென்சுக்கு விற்றது. அணுகுண்டு விழுந்தால் வீட்டுக்குள் பிழைப்பது எப்படி? கதவுகளைக் கழற்றிச் சுவரில் சாய், மேலே மண்மூட்டை அடுக்கு, ஜன்னலுக்கு வெள்ளை அடி, 14 நாள் சாப்பாடு சேர். பங்கர் வெட்டிய ஆக்களின் பிள்ளைகள் நாங்கள். வாசிக்கச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் கையேட்டின் சாந்தமான குரல்தான் இந்தத் தட்டின் எதிரி. தொடக்கமே தாலாட்டு, அதுவும் விளம்பர வாசகங்களால் கட்டியது. ‘இன்டிபென்டன்ஸ்’ பாடலில் 1776 அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தின் சொற்களையே மந்திரம்போல ஓதுகிறார்கள். கேலி ஒரு துளி இல்லை, அதனால்தான் உறைக்கிறது. கடைசித் தடத்தில் பாட்டே இல்லை. அணுகுண்டு நோயைச் சொல்லும் யப்பானியப் பெயர் மட்டும்.

1982இல் குழு கலைந்தது. வில்லியம்ஸ் அதற்கு முன்பே கதகளி படிக்க இந்தியா போய்விட்டார், 2001இல் காலமானார். அசல் தட்டுகள் சேகரிப்பாளர்களின் அலுமாரிகளுக்குள் போயின. 2016இல் மீளப் பதித்தார்கள், இப்ப தேடினால் கிடைக்கும். ‘எ நியூ கைன்ட் ஒஃப் வோட்டர்’ பாட்டில் தொடங்குங்கோ. ஃபோன் ஸ்பீக்கரில மட்டும் போடாதேங்கோ.