உடைந்த கலம் பொறித்த கொடி

பெர்முடாவின் கொடியை நம்மில் பலர் கூர்ந்து பார்த்திருக்க மாட்டோம். செந்நிறப் பரப்பில் ஒரு சிங்கம் கேடயம் ஒன்றை ஏந்தி நிற்கிறது. அக்கேடயத்தினுள் பாறையில் மோதி உடைகிறது ஒரு கப்பல். வெற்றியையோ வளத்தையோ கொடியில் பொறித்துக்கொள்ளும் உலகில், தன் முதல் விபத்தையே இலச்சினையாக்கிக்கொண்ட தீவு அது. 1609ஆம் ஆண்டு வர்ஜீனியாவுக்குச் சென்றுகொண்டிருந்த 'சீ வென்ச்சர்' என்னும் ஆங்கிலேயக் கப்பல் புயலில் சிக்கி, மனிதர் வசிக்காத அத்தீவின் பாறைகளில் செருகி நின்றது. கப்பலிலிருந்த ஏறத்தாழ நூற்றைம்பது பேரும் உயிருடன் கரையேறினர். ஷேக்ஸ்பியரின் 'டெம்பெஸ்ட்' நாடகத்துக்கு இச்செய்தியே தூண்டுதல் என்று ஆய்வாளர் பலர் கருதுவர். நமக்கோ, கலம் உடைந்து நாகர் தீவில் ஒதுங்கிய மணிமேகலைச் சாதுவன்தான் முதலில் நினைவுக்கு வருகிறான்.

அந்தக் கொடி 2021ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள், டோக்கியோ ஒலிம்பிக்கில் மற்றெல்லாக் கொடிகளுக்கும் மேலே ஏறியது. ஏற்றியவர் ஃபுளோரா டஃபி. போட்டி, டிரையத்லான்: ஒன்றரைக் கிலோமீட்டர் நீச்சல், நாற்பது கிலோமீட்டர் மிதிவண்டி, பத்துக் கிலோமீட்டர் ஓட்டம், மூன்றும் இடைவெளியின்றி ஒரே மூச்சில். 1974இல் கலிபோர்னியாவின் சான் டியாகோவில் ஓட்டக்காரர் சிலர் தமக்குள் நடத்திப் பார்த்த பந்தயம்தான் இதன் நவீனத் தொடக்கம். 2000ஆம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது.

பெர்முடாவின் பரப்பு சுமார் ஐம்பத்து மூன்று சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை அறுபத்து நான்காயிரம் அளவில். நம் ஊர்ப்பக்கத்து நடுத்தர நகராட்சி ஒன்றில் இதைவிடக் கூட்டம் உண்டு. கோடைக்கால ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற நிலப்பகுதிகளுள் மக்கள்தொகையில் மிகச் சிறியது இதுவே. 'நாடு' என்று எழுதாமல் 'நிலப்பகுதி' என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. பெர்முடா இன்றும் பிரித்தானியாவின் கடல்கடந்த ஆட்சிப்பகுதி. 1995இல் விடுதலை வேண்டுமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியபோது, வாக்களித்தோரில் ஏறத்தாழ நான்கில் மூவர் வேண்டாம் என்றனர். ஆயினும் ஒலிம்பிக்கில் அதற்குத் தனி இடம் உண்டு. 1936 முதல் தன் கொடியுடன் அணிவகுத்து வருகிறது. 1996க்குப் பின் இறையாண்மை பெற்ற நாடுகளுக்கே புதிய ஒலிம்பிக் குழுக்கள் அமைக்க இசைவு என விதி இறுகியது. முன்பே உள்ளே இருந்ததால் பெர்முடா தப்பியது. உள்ளே நுழையாத அங்குவில்லாவுக்கு அந்தப் பேறு இல்லை. அத்தீவில் பிறந்த விரைவோட்டக்காரர் ஷார்னெல் ஹியூஸ் பிரித்தானியாவுக்காக ஓடுகிறார். அவருக்குத் தம் தீவின் கொடியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே அங்கில்லை.

டஃபிக்கு அந்த வாய்ப்பு இருந்தது. அதுதான் இக்கட்டுரைக்குத் தூண்டுகோல். 1987இல் பெர்முடாவில் பிறந்தவர்; பெற்றோர் ஆங்கிலேய வழியினர்; பதின்வயதில் இங்கிலாந்தில் தங்கிப் படித்தவர். பிரித்தானிய அணியில் சேர்ந்துகொள்ளும் வழி திறந்தபோது அவர் மறுத்துவிட்டார். பயிற்றுநர், பணம், உடன் பயிலும் வீரர் கூட்டம் எல்லாம் ஒருபுறம். மறுபுறம் ஒரு சிறு தீவின் கொடி. படிக்கும்போது இது இனிய கதையாகத் தெரியும். அந்த மறுப்புக்கு விலை எப்போது கேட்கப்பட்டது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

2008இல் பெய்ஜிங்கில், இருபது வயதில், அவர் பந்தயத்தை முடிக்கவே இல்லை. பெரிய நாட்டில் இத்தகைய தோல்வி நூற்றுக்கணக்கான வீரர்களின் பட்டியலில் கரைந்துபோகும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய தீவில் கரைவதற்கு இடம் ஏது? கடைத்தெருவில் எதிர்ப்படுபவர் ஒவ்வொருவருக்கும் செய்தி தெரிந்திருக்கும். டஃபி விளையாட்டை விட்டார். ஊர் திரும்பி ஒரு கடையில் வேலை பார்த்தார். பிறகு அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தார். வெற்றிக்கதை எழுதுவோர் இந்த ஆண்டுகளை ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். நமக்கு அதில் உடன்பாடில்லை. போட்டி இல்லாமலும் தன்னால் வாழ முடியும் என்று ஒருவர் கண்டுகொண்ட காலம் அது. மீண்டு வந்தது அதன் பிறகுதான். மீண்டதும் உடனே வெற்றி கிட்டிவிடவில்லை. 2012 இலண்டனில் மிதிவண்டியிலிருந்து விழுந்து எழுந்து, நாற்பத்தைந்தாவதாக வந்தார்.

அவரை வேறாக்கியது சேறும் கல்லும் நிறைந்த பாதை. எக்ஸ்டெரா எனப்படும், மலைப்பாதைகளில் நடக்கும் டிரையத்லானில் 2014 முதல் 2017 வரை தொடர்ந்து உலகப் பட்டம் வென்றார். ஒலிம்பிக் வகைப் பந்தயத்தில் மிதிவண்டிகள் ஒன்றின் பின் ஒன்றாகக் காற்றுக்கு மறைந்து கூட்டமாகச் செல்லலாம். அதனால் பலர் அப்பகுதியில் வலுவைச் சேமித்துக்கொண்டு, முடிவை ஓட்டத்துக்கு விட்டுவிடுவர். கரடுமுரடில் வண்டியை ஆளப் பழகிய டஃபி, வளைவிலும் ஏற்றத்திலும் விசைகூட்டி அந்தக் கூட்டத்தை முன்னமே உடைத்தார். 2016 ரியோவில் எட்டாமிடம். அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் உலகச் சாம்பியன். 2018 ஏப்ரலில் காமன்வெல்த் தங்கம் பெற்ற முதல் பெர்முடாப் பெண் ஆனார். அம்மாதமே தலைநகர் ஹாமில்டனின் தெருக்களில், தம் மக்கள் முன்னிலையில், உலகத்தொடர்ப் போட்டியையும் வென்றார். அதன்பின் பாதத்தில் காயம். ஓராண்டளவு களமிறங்க இயலவில்லை.

டோக்கியோவில் அன்று காலை மழை. பந்தயம் கால் மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. சாலை வழுக்கியது, பலர் விழுந்தனர். நீச்சலிலேயே பிரிந்த சிறு குழுவில் டஃபி இருந்தார். அதே குழுவில் இருந்த பிரித்தானியாவின் ஜார்ஜியா டெய்லர்-பிரவுனுக்கு மிதிவண்டிப் பகுதியின் கடைசியில் சக்கரம் காற்றிழந்தது. அந்நிலையிலும் ஓட்டிவந்து வெள்ளி பெற்றார் அவர். ஓட்டத்தில் டஃபி தனியே முன்சென்றார். நேரம் 1 மணி 55 நிமிடம் 36 நொடி. அடுத்தவருக்கும் அவருக்கும் இடைவெளி 74 நொடி. அவர் ஒருகாலத்தில் மறுத்த கொடி இரண்டாமிடத்தில் நின்றது. இதைப் பழிதீர்ந்த கதையாக்க வேண்டியதில்லை. எனினும் கண்ணில் படாமலும் இல்லை.

அந்த ஒலிம்பிக்குக்குப் பெர்முடா அனுப்பியவர் மொத்தம் இருவர். அதற்குமுன் அத்தீவு பெற்றிருந்த ஒரே பதக்கம், 1976இல் மாண்ட்ரியாலில் குத்துச்சண்டைக்காரர் கிளாரன்ஸ் ஹில் பெற்ற வெண்கலம். இடையில் நாற்பத்தைந்து ஆண்டுகள். 2021 அக்டோபர் 18ஐ 'ஃபுளோரா டஃபி நாள்' என அறிவித்துத் தீவு பொது விடுமுறை விட்டது. அவ்வாண்டும் 2022லும் உலகப் பட்டங்கள் மீண்டும் அவருக்கே, ஆக நான்கு. காமன்வெல்த் தங்கமும் இரண்டாம்முறை கிட்டியது.

பின்னர் முழங்காலில் காயம். 2023இன் பெரும்பகுதி கைவிட்டுப் போயிற்று. 2024 ஜூலை 31 அன்று பாரிசில், சேன் ஆற்றில் இறங்கியபோது அவருக்கு வயது முப்பத்தாறு. அது ஐந்தாவது ஒலிம்பிக். ஐந்தாவதாக வந்து முடித்தார்.