இருமுறை வெந்த அரிசி

மாதுங்கா அங்காடியிலும், தாராவியின் தொண்ணூறடிச் சாலையிலும், செம்பூர்க் கடைகளிலும் அரிசி வாங்கச் செல்லும் தமிழரைக் கடைக்காரர் கேட்கும் முதற் கேள்வி, “பச்சரிசியா, புழுங்கலரிசியா?” என்பதே. விலைப்பேச்சு அதற்குப் பின்னரே எழும். கேள்வி சிறியது, ஆயினும் நாம் சொல்லும் விடையில் நம் ஊரும் குலமும் வீட்டு வழக்கமும், முன்னோர் கொண்டிருந்த நம்பிக்கையும் அடங்கிக் கிடக்கின்றன. இவ்விரு அரிசிகளுக்கும் பின்னே, மருத்துவ உலகின் கண்ணைத் திறந்த வரலாறு ஒன்று உண்டு. அதில் பெயர் அறியப்படாத தமிழ்த் தொழிலாளர்க்கும் ஓர் இடம் உண்டு என்பதை நம்மில் பலர் அறியோம்.

நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திக் குத்தினால் கிடைப்பது புழுங்கலரிசி. அவிக்காது குத்தினால் பச்சரிசி. பொங்கற் பானையில் இடுவதும், படையலுக்கும் அட்சதைக்கும் எடுப்பதும் பச்சரிசியே. புழுங்கலரிசி முன்பே ஒருமுறை வெந்தது. அதை உலையிலிட்டால் இருமுறை வெந்ததாகிவிடும். ஆதலின் தூய்மையிற் குறைந்தது என்பது ஆசாரம் மிக்க இல்லங்களின் கருத்து. வயலில் உழைத்தவர்களோ, புழுங்கலரிசிச் சோறே வயிற்றில் நின்று பசி தாங்கும் என்றும், நோயுற்றவர்க்கு அதன் கஞ்சியே ஏற்றது என்றும் நம்பினர். இரு சாராரும் சத்துக்களை ஆராய்ந்து முடிவு கண்டவர் அல்லர். அவரவர் நம்பிக்கை அவரவர் உலையில் அரிசியை இட்டது.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்காசிய நாடுகளில் நீராவி ஆலைகள் பெருகின. உரலும் உலக்கையும் விட்டுவைத்த தவிட்டையும் முளையையும் ஆலை முற்றும் நீக்கி, அரிசியை முத்துப்போல் வெளுப்பாக்கிற்று. வெண்மையே உயர்வு என்னும் எண்ணமும் கூடவே பரவிற்று. அதே காலத்தில் பெரிபெரி என்னும் நோயும் பெருகிற்று. சிங்கள மொழியில் “இயலாது, இயலாது” என்னும் பொருள்படும் சொல்லிலிருந்து இப்பெயர் வந்ததென்பர். கால்கள் மரத்து, உடல் வீங்கி, இதயம் தளர்ந்து மனிதர் மடிந்தனர். சப்பானியக் கடற்படையிலும், டச்சுக்காரர் ஆண்ட சாவகத் தீவிலும், மலேயாவின் ஈயச் சுரங்கங்களிலும் இந்நோய் கொள்ளை கொண்டது.

மருத்துவர்களும் ஒரு நம்பிக்கைக்கு ஆட்பட்டிருந்தனர். பாஸ்டரும் காக்கும் கிருமிகளைக் கண்டறிந்து புகழுற்ற காலம் அது. எந்நோய்க்கும் ஒரு கிருமி இருந்தே தீரும் என்று கருதினர். 1886-இல் சாவகத்துக்கு அனுப்பப்பட்ட டச்சு மருத்துவர் ஐக்மன் தேடிச் சென்றதும் கிருமியைத்தான். அவருடைய ஆய்வுக்கூடத்துக் கோழிகள் ஒருநாள் கால் தளர்ந்து விழலாயின. பின்னர்த் தாமாகவே தேறின. காரணத்தை ஆராய்ந்தபோது ஒரு வேடிக்கை வெளிப்பட்டது. கோழிகளுக்குப் படைவீரர் மருத்துவமனையில் மிஞ்சிய வெண்சோறு போடப்பட்டு வந்தது. புதிதாய் வந்த சமையற்காரர், படைவீரர் சோற்றைக் குடிமக்களின் கோழிகளுக்குத் தர இயலாது என்று மறுக்கவே, தீட்டாத அரிசி வந்தது, கோழிகளும் பிழைத்தன. பின்னர் வோர்டர்மன் என்பார் சாவகத்தின் நூற்றுக்கு மேற்பட்ட சிறைகளின் உணவை ஒப்பிட்டுப் பார்த்தார். தீட்டிய அரிசி வழங்கிய சிறைகளில் நோய் மிகுந்தும், தீட்டாத அரிசி வழங்கியவற்றில் மிக அருகியும் காணப்பட்டது. அப்போதும் ஐக்மன், வெள்ளரிசியில் நஞ்சு இருப்பதாகவும் தவிடு அதை முறிப்பதாகவுமே எண்ணினார். நஞ்சு இருப்பதன்று, ஏதோ ஒரு பொருள் இல்லாமையே காரணம் என்று 1901-இல் கூறியவர் அவருக்குப் பின் வந்த கிரெயின்ஸ் ஆவார்.

இனி மலேயாவுக்கு வருவோம். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர்கள் பெரிபெரியால் மாண்டனர். அதே வெயிலிலும் மழையிலும் தோட்டங்களிலும் சாலைகளிலும் உழைத்த தமிழர்களை அந்நோய் பெரும்பாலும் தீண்டவில்லை. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராட்டன் இவ்வேறுபாட்டைக் கூர்ந்து நோக்கினார். சீனர் உண்டது தீட்டிய வெள்ளரிசி; தமிழர் உண்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி. 1907-இல் அவர் இதைப் பெருநூலாகவே எழுதினார். பிளெட்சர் என்னும் மருத்துவர் 1905-இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் நோயாளரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினர்க்கு வெள்ளரிசியும் மற்றவர்க்குப் புழுங்கலரிசியும் அளித்தார். வெள்ளரிசி உண்டோரிடையே நோய் தோன்றிப் பலர் இறந்தனர். புழுங்கலரிசி உண்டோர் காக்கப்பட்டனர். அடுத்து, பிரேசரும் ஸ்டாண்டனும் சாலை அமைத்த 300 சாவகத் தொழிலாளரிடையே ஆய்ந்து, நோய் அரிசியைப் பின்பற்றியே வருகிறது என்று ஐயமற நிறுவினர்.

1912-இல் காசிமிர் பங்க் ‘வைட்டமின்’ என்னும் சொல்லைப் படைத்தார். 1926-இல் யான்சென், டோனாத் இருவரும் தவிட்டிலிருந்து நோய் தீர்க்கும் பொருளைப் பிரித்தெடுத்தனர். 1936-இல் அதைச் செயற்கையாய் ஆக்கியவர் இராபர்ட் வில்லியம்ஸ் என்னும் அமெரிக்கர். அவர் பிறந்த ஊர் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் என்பது எண்ணி மகிழத்தக்கது. தயமின் என்று வழங்கும் அப்பொருள் தவிட்டிலும் முளையிலும் மிகுதி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, அது நீரோடு கலந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு ஆலை எவ்வளவு தீட்டினாலும் பெரும்பகுதி எஞ்சி நிற்கிறது. எந்த அவியலை ஆசாரம் குறையென்று ஒதுக்கியதோ, அந்த அவியலே உயிரைக் காத்தது.

இதைக் கொண்டு நம் முன்னோர் அனைத்தும் அறிந்திருந்தனர் என்று மார் தட்டுவது முறையன்று. தோட்டத் தமிழர் ஆராய்ந்து தேர்ந்து உண்டவர் அல்லர், பழகியதை உண்டனர். பெரிபெரிக்குத் தப்பிய அவர்களுள் பல்லாயிரவரை மலேரியா வாரிச் சென்றது. பச்சரிசியைப் பழிப்பதும் தவறு. கையாற் குத்திய பச்சரிசியில் தவிடு ஓரளவு ஒட்டியிருந்தது; பருப்பும் பிறவும் துணை நின்றன. ஆலையில் தீட்டிய பச்சரிசியே பெரிதும் உணவாக இருந்த வடசர்க்கார்க் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி நிலைகொண்டிருந்ததையும், புழுங்கலரிசி உண்ட தென்மாவட்டங்களில் அது காணப்படாததையும் குன்னூர் ஆய்வுக்கூடத்தில் மெக்காரிசனும் அவர் வழிவந்தோரும் எடுத்துக்காட்டினர். அரிசியைப் பன்முறை கழுவிக் கஞ்சியை வடித்துக் கொட்டும் வழக்கமும் சத்தைப் போக்கும் என்பது அவர்கள் கண்டது. வடித்த கஞ்சியை உப்பிட்டுக் குடித்த ஏழை, தன்னை அறியாமலே அதனை மீட்டுக்கொண்டான்.

நம்பிக்கை மாறாதது என்றும் எண்ண வேண்டா. 1943 மே மாதம் இப்பம்பாய் நகரில் உணவுப் பங்கீடு தொடங்கியது. பங்கீட்டுக் கடை தந்ததை உண்ணவேண்டிய நிலை வந்தது. கோதுமை உடற்சூடு என்று அஞ்சிய நம்மவர் இல்லங்களில் இன்று சப்பாத்தி இரவு உணவாகிவிட்டது. எனினும் புதிய அச்சங்களும் தோன்றாமலில்லை. இரும்புச் சத்தும் பிறவும் கலந்த செறிவூட்டிய அரிசியை ஏழைகளுக்கு வழங்குவதாக 2021-இல் இந்திய அரசு அறிவித்தது. அது கடைகளுக்கு வந்தபோது, பல ஊர்களில் மக்கள் அதன் மணிகளைப் ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று ஐயுற்றுப் பொறுக்கி எறிந்தனர். அவர்களை அறிவிலிகள் என்று நகைப்பது எளிது. எடுத்துச் சொல்லாமல் எதைக் கொடுத்தாலும் ஐயமே முந்தி நிற்கும். கிருமியையே தேடிய அறிஞர்கள் கண்ணெதிரே இருந்த சோற்றைக் காண எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை நினைத்தால் நகைப்பு அடங்கும்.

சென்ற ஆண்டு என் மகள் பள்ளியிலிருந்து திரும்பி, “நம் சோறு மட்டும் ஏனப்பா இப்படித் தடிமனாக இருக்கிறது? தோழிகள் மணத்தைச் சொல்லிச் சிரிக்கிறார்கள், நீண்ட வெள்ளரிசி வாங்குங்கள்” என்றாள். மறுநாள் அலுவலகத்தில் இரத்தினகிரியைச் சேர்ந்த நண்பர் உணவுப் பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்தது அவர்கள் ‘உக்டா’ என்று வழங்கும் புழுங்கலரிசி. அதே தடிமன், அதே மணம். அன்று மாலை கோழிகளின் கதையையும் மலேயாத் தமிழர் கதையையும் மகளுக்குச் சொன்னேன். அவள் பெருமை கொள்ளவேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. நாணவேண்டா என்பதற்காகவே சொன்னேன். “அப்படியானால் அந்தத் தொழிலாளர்களுக்கு யாராவது நன்றி சொன்னார்களா?” என்று கேட்டாள். என்னிடம் விடை இல்லை.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் மூலிகைகளைவிட உண்ணும் முறையையே பெரிதாகப் பேசுகிறார். தாராவித் தமிழர் உலையில் வேகும் அரிசியும் மாதுங்காத் தமிழர் உலையில் வேகும் அரிசியும் வேறு வேறாக இருக்கலாம். ஆனால் பச்சரிசி உண்ணும் வீட்டிலும் இட்லிக்கு ஊறுவது புழுங்கலரிசியே. புழுங்கலரிசி உண்ணும் வீட்டிலும் தைத்திருநாளில் பொங்குவது பச்சரிசியே. எவர் உணவையும் இழிவென்று எண்ணாது, ஏன் உண்கிறோம் என்பதை நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வோமாக. பெயர் அறியாத அத்தொழிலாளர்க்கு நாம் செலுத்தக்கூடிய நன்றியும் அதுவே.