டிலன் பாடிய அடுத்தவர் பாட்டுகள்

1970 ஜூன் 8ஆம் தேதி பாப் டிலனின் பத்தாவது ஆல்பம் கடைக்கு வந்தது. பெயர் 'செல்ஃப் போர்ட்ரெய்ட்'. அதாவது தன்னைத்தானே வரைந்த ஓவியம். அட்டையில் இருந்த முகமும் டிலனே வரைந்ததுதான். இரண்டு இசைத்தட்டுகள், 24 பாட்டுகள். ஆசையோடு வாங்கிப்போய்ப் போட்டுக் கேட்டவர்களுக்கு முதல் பாட்டிலேயே அதிர்ச்சி. அதில் டிலனின் குரலே இல்லை! சில பெண்கள் சேர்ந்து இரண்டே வரிகளைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தார்கள், பின்னால் வயலின்கள்.

சரி, அடுத்த பாட்டில் வந்துவிடுவார் என்று பொறுத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது என்ன? 24 பாட்டுகளில் சுமார் பதினாறு அடுத்தவர்களுடையவை. பழைய நாட்டுப்பாடல்கள், எவர்லி பிரதர்ஸ் பாடிப் புகழ்பெற்ற காதல் பாட்டுகள், கார்டன் லைட்ஃபுட்டின் ஒன்று, பால் சைமனின் 'தி பாக்ஸர்', கூடவே 1930களின் 'ப்ளூ மூன்'. இப்படி ஒருவர் பாட்டை இன்னொருவர் எடுத்துப் பாடுவதைத்தான் கவர் பாட்டு என்கிறார்கள். மற்ற பாடகர்கள் செய்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் டிலன்? சொந்தமாக எழுதிப் பாடுவதுதான் பெருமை என்று ஒரு தலைமுறைக்கே பழக்கிவிட்டவர் அவர்.

காலமும் அப்படிப்பட்ட காலம். ஏப்ரலில் பீட்டில்ஸ் பிரிந்த செய்தி. மே 4ஆம் தேதி கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் போர் எதிர்ப்புக் கூட்டத்தின் மீது தேசியக் காவல்படை சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்தார்கள். இந்தச் சமயத்தில் டிலன் ஏதாவது சொல்வார் என்று ஒரு கூட்டமே காத்திருந்தது. ஒரு மாதம் கழித்து அவர் நிலாவைப் பற்றிப் பாடிக்கொண்டு வந்தால் கோபம் வராமல் என்ன செய்யும்? (ஆல்பம் வந்த மறுநாள், ஜூன் 9, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அது வேறு.)

'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையில் கிரீல் மார்கஸ் எழுதிய விமர்சனம் இன்றுவரை பேசப்படுகிறது. அதன் முதல் வாக்கியமே அச்சில் போடக் கூசும் ஒரு கெட்ட வார்த்தையோடு கூடிய கேள்வி. எண் போட்ட துண்டு துண்டான பகுதிகளாக, நண்பர்கள் சொன்னதையும் சேர்த்துக்கொண்டு நீளமாக எழுதியிருந்தார். அவரொன்றும் டிலனைப் பிடிக்காதவர் இல்லை. மிகவும் பிடித்தவர். அதனால்தான் அவ்வளவு கோபம்.

கேட்டவர்களை அதிகம் குழப்பியது 'தி பாக்ஸர்'. சைமனும் கார்ஃபங்கலும் இழைத்துப் பாடிய இரண்டு குரல்களையும் டிலன் ஒருவரே தனித்தனியாகப் பாடி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்தார். இரண்டும் சேரவில்லை. இது கிண்டலா, மரியாதையா? டிலனின் ரசிகர்கள் இதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே இருந்தார்கள். அதேசமயம் வீட்டில் காய்ச்சும் கள்ளச்சாராயத்தைப் பற்றிய 'காப்பர் கெட்டில்' பாட்டுக்கு மட்டும் திட்டியவர்களிலேயே பலர் தலையாட்டினார்கள். உண்மையில் டிலனின் மிக நல்ல பாடல்களில் அதுவும் ஒன்று.

இதில் வேடிக்கை, ஆல்பம் நன்றாக விற்றது. அமெரிக்காவில் 4ஆம் இடம், பிரிட்டனில் முதல் இடம். வாங்கியவர்கள் எல்லாரும் ரசித்தார்களா என்பது வேறு விஷயம்.

ஆனால் டிலன் ஆரம்பித்ததே அடுத்தவர் பாட்டில்தான். 1962இல் வந்த முதல் ஆல்பத்தின் 13 பாட்டுகளில் சொந்தமாக எழுதியவை இரண்டே இரண்டு. அப்போது யாரும் ஏமாந்ததாகச் சொல்லவில்லை, ஏனென்றால் அப்போது அவரிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. எட்டு வருடத்தில் மாறியது பாடகர் மட்டுமில்லை, கேட்பவர்களும்தான்.

ஏன் இப்படிச் செய்தார் என்று பிற்காலத்தில் கேட்டபோது டிலன் ஆளுக்கொரு பதில் சொன்னார். தீர்க்கதரிசி என்று வீடு தேடி வந்து தொல்லை கொடுத்தவர்கள் தன்னை மறந்து போகட்டும் என்று, அவர்களுக்குப் பிடிக்கவே பிடிக்காத ஒன்றைச் செய்தேன் என்றார் ஒருமுறை. அந்தச் சமயத்தில் தன் பெயரில் திருட்டு இசைத்தட்டுகள் புழங்கின, அதற்குப் போட்டியாகத் தானே ஒன்று போட்டதாக இன்னொருமுறை. 2004இல் வந்த தன் வரலாற்று நூலில், சுவரில் எறிந்ததில் ஒட்டியதையும் வெளியிட்டேன், ஒட்டாமல் கீழே விழுந்ததைப் பொறுக்கி அதையும் வெளியிட்டேன் என்கிற மாதிரி எழுதினார். எது உண்மை? மூன்றையும் அப்படியே நம்புவது கஷ்டம். வேண்டுமென்றே கெடுக்க நினைத்தவர் 'காப்பர் கெட்டில்' பாட்டை அவ்வளவு உருகிப் பாடியிருக்க மாட்டார்.

அதே வருடம் அக்டோபரில் 'நியூ மார்னிங்' வந்தது. முழுக்கச் சொந்தப் பாட்டுகள். டிலன் திரும்பி வந்துவிட்டார் என்று அதே 'ரோலிங் ஸ்டோன்' கொண்டாடியது. திட்டு வாங்கியதால்தான் அவசரமாகத் திருந்தினார் என்று ஒரு கதை உண்டு. ஆனால் அதன் பெரும்பகுதி ஜூன் முதல் வாரத்திலேயே, அதாவது திட்டு வருவதற்கு முன்பே பதிவாகிவிட்டது!

1973இல் அவர் கொலம்பியா நிறுவனத்தை விட்டு வேறு நிறுவனத்துக்குப் போனபோது, கொலம்பியாக்காரர்கள் பழைய ஒலிப்பதிவுகளில் மிச்சம் கிடந்த ஒன்பது கவர் பாட்டுகளை எடுத்து 'டிலன்' என்று பெயர் வைத்து வெளியிட்டார்கள். 'செல்ஃப் போர்ட்ரெய்ட்' பரவாயில்லை என்று சொல்ல வைத்தது அது.

பிறகு 40 வருடம் கழித்து, 2013 ஆகஸ்டில், 'அனதர் செல்ஃப் போர்ட்ரெய்ட்' வந்தது. அந்தக் காலத்துப் பதிவுகள், 35 பாட்டுகள். முன்பு மேலே பூசியிருந்த வயலின்களையும் கோரஸையும் பல பாட்டுகளில் எடுத்துவிட்டிருந்தார்கள். டேவிட் ப்ரோம்பெர்க்கின் கிட்டார், டிலனின் குரல், அவ்வளவுதான். முதல் ஆல்பத்தில் இடமே கிடைக்காத 'பிரிட்டி சாரோ' என்ற பழைய நாட்டுப்பாடலைக் கேட்டவர்கள், இதை ஏன் இத்தனை வருடம் பெட்டியில் பூட்டி வைத்தார்கள் என்று கேட்டார்கள். அன்று காதைப் பொத்திக்கொண்டவர்களில் சிலர் பழைய தட்டைத் தூசி தட்டி எடுத்தார்கள். மாறாதவர்களும் உண்டு. வயலினை எடுத்துவிட்டால் 'தி பாக்ஸர்' சரியாகிவிடுமா என்பது அவர்கள் வாதம். அதிலும் நியாயம் இருக்கிறது.

அந்த 2013 தொகுப்போடு வந்த புத்தகத்தில் கட்டுரை எழுதித் தரும்படி ஒருவரிடம் கேட்டிருந்தார்கள். எழுதியவர் கிரீல் மார்கஸ்.