எலுமிச்சைப் புளிப்பு பிறந்த கதை

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் சான்ட்ரோ கார் வெளிவந்தது. இன்று ஒரகடம் வரை கார், பைக், லாரி என வண்டி செய்யும் ஆலைகள்தாம். அங்கே உருவாகும் கார் நம்மவர் கைக்கு வந்ததும் பூஜை போட்டு, முதலில் எலுமிச்சம்பழத்தின் மேல்தான் ஏற்றுகிறோம். சக்கரத்தடியில் தெறிக்கும் அந்தச் சாற்றுக்கும் ஒரு தயாரிப்புக் கதை உண்டு.

எலுமிச்சைக் குடும்பத்தின் பூர்வீகம் அசாம், வட மியான்மர், மேற்கு யுன்னான் சூழ்ந்த இமயமலை அடிவாரம். வயது ஏறத்தாழ 80 லட்சம் ஆண்டு என்கிறது 2018இல் வந்த மரபணு ஆய்வு. நாம் ஊறுகாய் போடும் சிறு எலுமிச்சை ஒரு கலப்புப் பிள்ளை. தாய் பிலிப்பைன்ஸின் ஒரு காட்டுப் பழம். தந்தை தடித்த தோல்கொண்ட சிட்ரான்.

எலுமிச்சைச் சாற்றிலிருந்து சிட்ரிக் அமிலத்தை 1784இல் பிரித்தெடுத்தார் வேதியியலாளர் ஷீலே. ஆனால் அந்தப் பழத்துக்கு மட்டும் ஏன் இத்தனை புளிப்பு? இதற்கு விடை தெரிய இருநூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

சாற்றுச் செல்லின் பெரும்பகுதி ஒரே ஒரு பை. அமிலம் சேர்வது அதற்குள்தான். பைக்கு வெளியே பி.எச். அளவு ஏறக்குறைய 7. உள்ளே 2 வரை இறங்கும். அதாவது உள்ளே ஹைட்ரஜன் அயனி லட்சம் மடங்கு அதிகம். அவ்வளவு நெரிசலுக்குள் இன்னும் ஓர் அயனியைத் தள்ளச் சாதாரணப் பம்ப்பால் முடியாது. ஏதோ ஒரு விசேஷப் பம்ப் இருந்தாக வேண்டும்.

அது அகப்பட்டது பெட்டூனியா பூவில். ஆம்ஸ்டர்டாமில் ரொனால்ட் கூஸ், பிரான்செஸ்கா குவாட்ரோக்கியோ குழுவினர் அந்தப் பூ சில செடிகளில் ஏன் நீலம் பாய்கிறது என்று தேடினார்கள். இதழின் செல்லுக்குள் அமிலத்தைக் கூட்டிச் சிவப்பு நிறம் தரும் பி.எச்.1, பி.எச்.5 என்ற இரண்டு ஜீன்கள் கிடைத்தன. இரண்டும் சேர்ந்துதான் அந்தப் பம்ப். நிறத்துக்காகத் தொடங்கிய தேடல் புளிப்பில் போய் நின்றதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம்.

கலிபோர்னியாவில் ஃபாரிஸ் என்றொரு லெமன் மரம்: ஒரு கிளையில் புளிப்புப் பழம், இன்னொன்றில் இனிப்புப் பழம். அதையும் வேறு பல ரகங்களையும் ஒப்பிட்டு 2019இல் அதே ஆம்ஸ்டர்டாம் குழுவினர் முடிவை வெளியிட்டார்கள். புளிக்கும் பழங்களில் இந்த இரண்டு ஜீன்களும் மும்முரமாக வேலை செய்கின்றன. புளிப்பற்றவற்றில் அடங்கிக் கிடக்கின்றன. பம்ப் ஜீன்கள் கெட்டுப்போகவில்லை, அவற்றுக்கு உத்தரவிடும் மேலாள் ஜீன்களே பழுதாகியிருந்தன. அதே ஆண்டு இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் மையம் அப்படிப்பட்ட ஒரு மேலாளுக்கு நோயமி என்று பெயரிட்டது. அது பழுதானால் புளிப்போடு, இளந்தளிரிலும் பூவிலும் ஓடும் ஊதா நிறமும் போய்விடுகிறது.

விதையிலிருந்து வளர்ந்த எலுமிச்சை காய்க்கச் சில வருடங்கள் காத்திருக்க வேண்டும். புதிய கலப்பில் பிறந்த கன்று புளிக்குமா இனிக்குமா என்று ஓர் இலையின் டி.என்.ஏ.வைப் பார்த்து முன்பே சொல்ல இப்போது வழி திறந்திருக்கிறது. பெரியகுளம் நமக்கு பி.கே.எம்.1 எலுமிச்சையைத் தந்தது. எலுமிச்சை விளைவிக்கும் புளியங்குடி விவசாயிக்கு அடுத்த ரகம் இன்னும் விரைவில் கிடைக்க, இந்தச் சோதனையை நம் ஆய்வு நிலையங்கள் கையில் எடுக்க வேண்டும்.