குட்டி டாங்கியை அழுக்காக்குவது எப்படி?

கஷ்டப்பட்டு ஒட்டி, அழகா பெயின்ட் அடிச்ச குட்டி டாங்கியை வேணும்னே அழுக்காக்கி, கீறல் போட்டு, தூசி தூவுறதுக்குப் பெயர் 'வெதரிங்.' ஸ்கேல் மாடல் செய்யும் பலருக்கு ஒட்டுற வேலையைவிட இதுலதான் ருசி அதிகம். ஆனா, ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் இருக்கணும். கண்டபடி துருவைப் பூசினா, போர்க்களத்துல இருந்து வந்த வண்டி மாதிரி இருக்காது. காயலான் கடையில இருந்து வந்த மாதிரிதான் இருக்கும்!

ஏன் 1/35?

ராணுவ வண்டி மாடல்களில் அதிகம் புழங்கும் அளவு 1/35. ஜப்பானின் தமியா நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் 'பாந்தர்' டாங்கி மாடலை உருவாக்கியபோது, மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்கும்படி உடலை வடிவமைத்தது. கணக்குப் பார்த்தா, நிஜத்தில் ஏறக்குறைய 35-ல் ஒரு பங்கு. அதுவே வழக்கமாகிடுச்சு.

இந்த 35-ஐ மனசுல வெச்சுக்கோங்க. மாடலில் நீங்க வைக்கிற 1 மில்லிமீட்டர் புள்ளி, நிஜ டாங்கியில் 3.5 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பெயர்ந்த பெயின்ட். பெரும்பாலான மாடல்கள் கெட்டுப்போறது இந்தக் கணக்கை மறப்பதால்தான்.

சாம்பல் மேல் மணல்

ஓர் உதாரணம். 1941-ன் தொடக்கத்தில் லிபியாவின் திரிப்போலி துறைமுகத்தில் இறங்கிய ஜெர்மனியின் 'பான்சர் 3' டாங்கிகள், ஐரோப்பாவுக்கான அடர் சாம்பல் நிறத்தில் இருந்தன. பாலைவனத்தில் அது பளிச்சுன்னு காட்டிக்கொடுக்கும் என்பதால், பிறகு மேலேயே மஞ்சள் பழுப்பு பெயின்ட் அடித்தார்கள். ஆக, மேல் பெயின்ட் உரிஞ்ச இடத்தில் முதலில் தெரியவேண்டியது சாம்பல். சில்வர் இல்ல, துருவும் இல்ல.

இதுக்கு உதவுறது சாதாரண ஹேர்ஸ்ப்ரே. முதலில் சாம்பல் பெயின்ட் அடிச்சு நல்லா காயவிடுங்க. அதன்மேல் ரெண்டு கோட் ஹேர்ஸ்ப்ரே. அது காய்ந்ததும், தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட்டில் மணல் நிறம். ரொம்ப நேரம் விடாம, பிரஷ்ஷால் தண்ணீர் தொட்டு மெதுவா தேய்ச்சா, அடியில் இருக்கும் ஹேர்ஸ்ப்ரே கரைஞ்சு மேல் பெயின்ட் சின்னச் சின்னதா உரியும். வீரர்கள் ஏறி இறங்கும் மூடியின் விளிம்பு, கால் வைக்கும் மட்கார்டு... இங்கெல்லாம் தேய்ங்க. யார் கையும் காலும் படாத பக்கவாட்டுத் தகட்டின் நடுவில் எதுக்குக் கீறல்?

துரு எங்கே?

பெயின்ட் அடித்த கவசத் தகடு அவ்வளவு சுலபமா துருப்பிடிக்காது. ஆனா, சூட்டில் பெயின்ட் எரிஞ்சுபோகும் புகைபோக்கியில் துரு தாராளமா வரலாம். சங்கிலிப்பட்டையில் தரையை உரசும் பகுதி மட்டும் தேய்ந்து மின்னும். 6பி பென்சிலைத் தேய்ச்சாலே அந்த மினுமினுப்பு வந்துடும். சக்கரங்களைச் சுற்றியிருப்பது ரப்பர். அதில் துரு பூசிய மாடல்களைப் பார்த்தா சிரிப்புதான் வருது.

அடுத்தது 'வாஷ்.' கரும்பழுப்பு ஆயில் பெயின்ட்டை வொயிட் ஸ்பிரிட்டில் நல்லா நீர்க்கக் கரைச்சு, ஆணித்தலைகளைச் சுற்றியும் தகடுகளின் இடுக்கிலும் மெல்லிய பிரஷ்ஷால் தொட்டு வைக்கணும். அதுக்கு முன்னாடி ஒரு கோட் கிளியர் வார்னிஷ் அடிச்சுக் காயவிட்டா, அடியில் உள்ள பெயின்ட்டுக்குப் பாதுகாப்பு.

கடைசியா தூசி. இதுக்குன்னே விற்கும் 'பிக்மென்ட்' பொடி விலை அதிகம்னா, பேஸ்டல் சாக்கைச் சுரண்டி எடுத்த பொடியே போதும். சக்கரம், அடிப்பகுதி, பின்பக்கம்னு கீழிருந்து மேலே போகப்போகக் குறையணும். எல்லா இடத்திலும் ஒரே அளவு தூவினா, மாவில் புரட்டிய மாதிரி ஆகிடும்.

ஏர்பிரஷ் இல்லையேன்னு தள்ளிப்போட வேண்டாம். ஸ்ப்ரே கேன் போதும். ஆனா ஸ்ப்ரே, தின்னர், பசை ஆவி எல்லாம் நுரையீரலுக்கு ஆகாது. ஏசி ரூமில் கதவைச் சாத்திக்கிட்டு அடிக்கிற வேலை இது இல்ல. ஜன்னலைத் திறந்து வெச்சு, ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போட்டுக்கோங்க. துணி மாஸ்க் இதுக்கு உதவாது.